நாசு மிசோ இதாமே: கத்தரிக்காயின் ஊதா போகாமல் வீட்டில் செய்வது எப்படி?

நிஷிகசாய்_வாசி

வணக்கம் மக்களே. இங்க ஜப்பான்ல எங்க அலுவலகத்துக்குப் பின்னாடி சந்துல ஒரு சின்ன தெய்ஷோகு (சோறோட முழுச்சாப்பாடு) கடை இருக்கு. வெயில் காலம் வந்துட்டா பலகையில முதல் வரியே நாசு மிசோ இதாமே, அதாவது கத்தரிக்காய் மிசோ வதக்கல் தான். கத்தரிக்காய், மெல்லிசா சீவின பன்றிக்கறி, பச்சை பிமான் (சின்னக் குடைமிளகாய்), மேல மிசோ (புளிக்கவெச்ச சோயா விழுது). அவ்வளவுதான் சாமான். ஆனா தட்டு வந்து இறங்கும்போது பாருங்க, தோல் அப்படியே ஊதாவா பளபளன்னு இருக்கும். சதை நாக்குல பட்டதும் கரையும். மசாலான்னு எதுவும் கிடையாது, ஆனாலும் ஒரு கிண்ணம் சோறு போன இடம் தெரியாது.

இதை வீட்டுல செய்யணும். மூணு கேள்வி. ஒண்ணு நிறம்: வாணலியில போட்டு வதக்கினா தோல் பழுப்பா மாறிடுது, கடையில மட்டும் எப்படி நிக்குது? ரெண்டு, எண்ணெய்: எவ்வளவு ஊத்தினாலும் கத்தரி குடிச்சுட்டு இன்னும் கேக்குது. மூணு, எங்க வீட்டுல அவங்க பன்றி சாப்பிட மாட்டாங்க. கோழியில செஞ்சா ருசி கூடி வருமா?

வீடியோ சுட்டி வேண்டாம், அதுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கையால செஞ்சு பழகினவங்க எழுதுங்க.

மல்லிகா_ஒசாகா

தம்பி, இது எங்க வீட்டுல ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வாரம் தவறாம செய்யறது. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட நின்னு பார்த்துக் கத்துக்கிட்டது, அவங்க செய்யற மாதிரியே சொல்றேன்.

ரெண்டு பேருக்கு: நடுத்தர அளவு நாசு 3, பன்றி வயித்துக்கறி மெல்லிசா சீவினது 150 கிராம், பிமான் 2. மிசோக் கலவை தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல: மிசோ ஒன்றரை மேசைக்கரண்டி, சாகே (அரிசி மது) 1 மேசைக்கரண்டி, மிரின் (இனிப்பான சமையல் மது) 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, ஷோயு (சோயா சாஸ்) அரைத் தேக்கரண்டி. கட்டி இல்லாம நல்லாக் கரைச்சு அடுப்புப் பக்கத்துல வெச்சுக்கோங்க. இதை முதல்லயே செய்யணும். கடைசி ஒரு நிமிஷத்துல மிசோ டப்பாவைத் தேடிட்டு நின்னா சட்டியில இருக்கறது குழைஞ்சு போயிடும்.

கத்தரியைக் காம்பு நீக்கி, காயைக் கால் சுத்து உருட்டி உருட்டி சாய்வா வெட்டுங்க. ஒவ்வொரு துண்டுலயும் தோலும் சதையும் இருக்கும், வெட்டுமுகம் நிறைய கிடைக்கும், மிசோ பிடிக்க இடம் இருக்கும். தண்ணியில ஒரு 5 நிமிஷம் போட்டு எடுத்து, துணியால ஒத்தி ஈரம் சுத்தமாப் போக்கிடுங்க.

இப்ப முக்கியமான இடம். எண்ணெயைச் சட்டியில ஊத்தாதீங்க. கத்தரித் துண்டை ஒரு பாத்திரத்துல போட்டு, ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயை அது மேல ஊத்தி, கையால பிசிறிவிடுங்க. எல்லாத் துண்டுலயும் மேலாக்கா எண்ணெய் பூசின மாதிரி ஆயிடும். சட்டி நல்லாக் காய்ஞ்சதும் தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி அடுக்குங்க. கிளறாதீங்க. மூடி போட்டு ரெண்டு மூணு நிமிஷம், நடுத்தரத்தை விடக் கொஞ்சம் கூடுதல் தீ. திறந்து பார்த்தா தோல் மினுமினுன்னு கருநீலமா இருக்கும். திருப்பிப் போட்டு வெட்டுமுகம் லேசாப் பொன்னிறம் ஆனதும் தட்டுல எடுத்து வெச்சுடுங்க.

அதே சட்டியில கறி. வயித்துக்கறியில கொழுப்பு தானா இறங்கும், எண்ணெய் வேண்டாம். நிறம் மாறினதும் பிமான். அது பச்சை மாறாம ஒரு புரட்டு. அதிகமான கொழுப்பைக் காகிதத்தால ஒத்தி எடுத்துட்டு, கத்தரியைத் திருப்பிப் போட்டு, தீயைக் குறைச்சு, கலவையைச் சுத்தி ஊத்துங்க. ஒரு நிமிஷம் புரட்டினா எல்லாத்துலயும் ஒட்டிக்கும். இறக்கிடுங்க.

மிசோ ஊத்தினப்புறம் பக்கத்துலயே நில்லுங்க. சர்க்கரையும் மிசோவும் சேர்ந்தா சட்டுனு அடிப்பிடிக்கும், பிடிச்சா கசக்கும்.

மிளகாய்ப்பிரியன்

அக்கா சொன்ன முறை அருமை. ஆனா பூண்டு இல்ல, மிளகாய் இல்ல, இஞ்சி கூட இல்ல. நான் நாலு பல் பூண்டு, ரெண்டு காய்ஞ்ச மிளகாய் கிள்ளிப் போட்டு, கடைசியா மிளகுத்தூள் தூவித்தான் செய்வேன். கொஞ்சம் சோம்பு போட்டாலும் பன்றிக்கறிக்கு நல்லா எடுக்கும். நம்ம நாக்குக்கு அப்படித்தான் இறங்கும்.

கட்டைக்கரண்டி

கவாசாகியில ஒரு தெய்ஷோகு கடைச் சமையல்கட்டுல வேலை பார்க்கிறேன். மதியம் 11:30 முதல் 2 மணி வரைக்கும் இதுதான் அதிகமா போகும். கடை முறை கேட்டதால சொல்றேன்.

கடையில கத்தரியை வதக்கறதே இல்லை. பொரிக்கறோம். 180 டிகிரி எண்ணெய், தோல் பக்கம் கீழ, ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒன்றரை. எடுத்துக் கம்பி வலைத்தட்டுல சாய்ச்சு வைக்கறோம். ஆர்டர் வந்ததும் கறி, பிமான், கத்தரி, மிசோ. சட்டியில மொத்தமா ரெண்டு நிமிஷ வேலை. நீங்க பார்த்த அந்தப் பளபளப்பு இதுல வந்ததுதான் தம்பி. நிறைய எண்ணெயில கொஞ்ச நேரம். வீட்டுல செய்யற மாதிரி கொஞ்சம் எண்ணெயில ரொம்ப நேரம்னா நிறம் நிக்காது.

வீட்டுல அவ்வளவு எண்ணெய் வைக்க முடியாதுன்னா மல்லிகா அக்கா சொன்ன பிசிறுற முறை தான் சரி. அதை விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அக்காவோட ஒத்துப்போகல. தண்ணியில ஊறப்போட வேண்டாம். வெட்டின கை காயறதுக்குள்ள எண்ணெய்க்குப் போற கத்தரிக்குத் தண்ணி எதுக்கு? எவ்வளவு ஒத்தினாலும் கொஞ்சம் ஈரம் நிக்கும், எண்ணெயில தெறிக்கும், சட்டிச் சூடும் இறங்கும். நாங்க வெட்டுவோம், உடனே போடுவோம்.

மிளகாய்ப்பிரியனுக்கு: சோம்பு போட்டா அது நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற கறி. மிசோ வாசனை ரொம்ப மென்மையானது, சோம்பு ஏறி உக்காந்தா மிசோ எங்க இருக்குன்னே தெரியாது. உறைப்பு வேணும்னா மிசோக் கலவையிலயே அரைத் தேக்கரண்டி தோபான்ஜான் (சீன மிளகாய் விழுது) சேருங்க. இஞ்சியும் தாராளமா போடலாம், ஜப்பானியர்களே போடுவாங்க.

செண்டாய்_ஆய்வாளன்

நிறத்துக்கான காரணத்தை நான் சொல்கிறேன், இது என் துறைக்குப் பக்கத்தில் வரும் விஷயம்.

கத்தரித் தோலின் ஊதாவுக்குக் காரணம் நாசுனின் என்ற நிறமி. ஆந்தோசயனின் வகை. இந்த வகை நிறமிகள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விடை இதிலேயே இருக்கிறது. குறைந்த தீயில் மெதுவாக வேகும்போது கத்தரி தன் தண்ணீரையே வெளியே விடுகிறது, நிறமி அந்தத் தண்ணீரோடு இறங்கிவிடுகிறது. வெட்டுமுகம் பழுப்பாவதற்குக் காரணம் வேறு. சதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தை, காயிலேயே இருக்கும் ஒரு நொதி காற்றுப்பட்டதும் கறுக்க வைக்கிறது. காய்ந்த எண்ணெய் இரண்டையும் ஒரே அடியில் தடுத்துவிடும். தோல்மேல் படலமாக நின்று நிறமியைக் காக்கும், சட்டென்று ஏறும் சூட்டில் நொதியும் செயலிழக்கும். அதனால்தான் தோல் பக்கம் முதலில் கீழே போகவேண்டும் என்பது.

நாசுனினுக்கு இன்னொரு குணம் உண்டு: இரும்பு, அலுமினியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் நிறம் நிலைத்துவிடும். இங்கே பாட்டிமார் தவிட்டு ஊறுகாய்ப் பானையில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைப்பார்கள், அல்லது கத்தரியைப் படிகாரத்தில் உரசிப் போடுவார்கள். ஊறிய பிறகும் கத்தரி நீலம் மாறாமல் வருவது அதனால்தான்.

இந்த நிறமியை ஆராய்ந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குரோதா சிகா. 1913-ல் இங்கே செண்டாயில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்ட மூன்று பெண்களில் ஒருவர். ஜப்பானில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது அப்போதுதான். முராசாகி என்ற சாயச் செடியின் வேர், குசும்பப்பூ, கத்தரித்தோல், கடைசியில் வெங்காயத்தோல் என்று வாழ்நாள் முழுக்கத் தாவர நிறங்களோடு வேலை செய்தவர். அடுக்களையில் தினமும் கையில் எடுக்கும் பொருளுக்குப் பின்னால் இப்படி ஒருவரின் உழைப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எண்ணெய் குடிப்பதைப் பற்றி: கத்தரிச் சதை பஞ்சு மாதிரி, உள்ளே காற்றறைகள். பச்சையாகச் சட்டியில் விழுந்ததும் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் ஏறும். வெந்து சதை அமுங்கியதும் அதில் ஒரு பகுதி வெளியே வரும். நாம் பொறுமை இல்லாமல் நடுவில் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுகிறோம், அங்கேதான் அளவு மீறுகிறது. எண்ணெய் நன்றாகக் குறையவேண்டும் என்றால் துண்டுகளை மூடி, மைக்ரோவேவில் 600 வாட்டில் 2 அல்லது 3 நிமிடம் வைத்துச் சதையை முன்கூட்டியே அமுக்கிவிடலாம். எண்ணெய் பாதியாகக் குறையும். ஆனால் நிறம் சற்று மங்கும், இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மல்லிகா_ஒசாகா

கட்டைக்கரண்டி தம்பி, கடையில வெட்டினதும் எண்ணெய்க்குப் போயிடும், சரி. வீட்டுல அப்படியா நடக்கும்? கத்தரியை வெட்டி முடிக்கும்போது ஒரு பிள்ளை கூப்பிடும், மிசோவைக் கலக்கணும், அரிசி வெச்சுருக்கோமான்னு பார்க்கணும். அதுக்குள்ள காய் கறுத்துடும். நம்ம ஊர்லயும் அம்மா கத்தரியை நறுக்கி நேரா தண்ணியிலதானே போடுவாங்க? காறல் போகவும் கறுக்காம இருக்கவும். இங்கயும் அதே காரணம்தான் சொல்றாங்க. 5 நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுப்போகாது, ஊறப்போட்டுட்டு மறந்துடக்கூடாது, அவ்வளவுதான்.

கட்டைக்கரண்டி

அக்கா, பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு உங்க வழிதான் சரி. ஒத்தறதை மட்டும் விட்டுடாதீங்க மக்களே, கை சுட்டுக்கும்.

காறல் பத்தி ஒரு வார்த்தை. இப்ப சூப்பர் மார்க்கெட்ல வர்ற நாசுல காறலே பெருசா இல்லை, விதையும் இளசு. தோட்டத்துல முத்தவிட்ட காய்னா தண்ணி வேணும்.

ஃபாத்திமா_நகோயா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பன்றியும் சாகேவும் மிரினும் இல்லாமல் இதைச் செய்யும் வீடு எங்களுடையது. அந்த ருசி வருமா என்று கேட்டவருக்கு: வரும். ஆனால் சும்மா சாமானைக் கழித்துவிட்டால் வராது, ஈடுகட்ட வேண்டும்.

முதலில் மிரின். கடையில் இரண்டு வகை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஹோன் மிரின் என்பது ஒட்டரிசி, கோஜி (நொதிக்கவைக்கும் பூஞ்சை வளர்த்த அரிசி), ஷோச்சு (காய்ச்சி வடித்த மது) சேர்த்து முதிரவைத்தது, அதில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. மிரின் மாதிரி என்று விற்பது பெரும்பாலும் சர்க்கரைப்பாகு, அதிலும் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும். நாங்கள் இரண்டையும் வாங்குவதில்லை. அதற்குப் பதில் கொம்பு என்ற கடற்பாசி ஊறிய தண்ணீர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை கூடுதலாக 1 தேக்கரண்டி, இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி. சாகே எடுக்கும் கவிச்சியை இஞ்சி எடுத்துவிடும், மிரின் தரும் மினுமினுப்பைச் சர்க்கரை தந்துவிடும்.

இரண்டாவது, மிசோ. நிறைய பேர் கவனிக்காதது இது. பொட்டலத்தின் பின்பக்கம் மூலப்பொருள் வரியில் 酒精 என்று இரண்டு எழுத்து இருந்தால், நொதித்தல் நிற்பதற்காக ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது இல்லாத மிசோவும் கிடைக்கும். அந்தப் பொட்டலத்தின் மூடியில் சின்னதாக ஒரு காற்றுத்துளை வைத்திருப்பார்கள், உள்ளே மிசோ இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் உப்பி வெடிக்காமல் இருக்க. கடையில் நின்று விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

நாங்கள் இருக்கும் ஐச்சி மாகாணத்தில் கரும்பழுப்பு மிசோ தான் வழக்கம். ஒகசாகியின் ஹாச்சோ மிசோ சோயாவும் உப்பும் மட்டும் வைத்துச் செய்வது. பெரிய மரப்பீப்பாயில் மேலே ஆற்றுக்கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிரும் தாண்ட வைப்பார்கள். அரிசி சேராததால் இனிப்பே இருக்காது, கொஞ்சம் துவர்ப்பு. அதனால் சர்க்கரையைக் கூட்டிப் போடவேண்டும். அதிக நேரம் கொதித்தாலும் ருசி மாறாத மிசோ இது. கத்தரிக்கு இதை விடப் பொருத்தமானது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கறிக்குக் கோழித்தொடை, தோலோடு. ஹலால் கடையில் உறைந்த தொடைக்கறி எலும்பில்லாமல் கிடைக்கும். தோல் பக்கம் கீழே வைத்து மெதுவாக வறுத்தால் கொழுப்பு இறங்கும், அந்தக் கொழுப்புதான் பன்றி வயிற்றுக்கறியின் இடத்தை நிரப்புகிறது. நெஞ்சுக்கறியில் செய்துவிட்டு ருசி இல்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

நிஷிகசாய்_வாசி

இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. ஃபாத்திமா அக்கா, தொடைக்கறித் துண்டு எந்த அளவு? அப்புறம் கோழியில மிசோ ஒட்டாம வழுக்கிட்டுப் போகுமே, அதுக்கு என்ன செய்யறது?

ஃபாத்திமா_நகோயா

ஒரு வாய்க்கு அளவான துண்டு. வாணலிக்குப் போகும் முன் உப்பு ஒரு சிட்டிகை, கதாகுரிகோ 2 தேக்கரண்டி தூவிப் பிசிறுங்கள். உருளைக்கிழங்கு மாவு அது. வெளியே மெல்லிய படலமாக நின்று சாற்றை உள்ளே வைக்கும், மிசோவும் அதில் பிடித்துக்கொள்ளும்.

கட்டைக்கரண்டி

மிசோ உப்பு பத்தி ஃபாத்திமா அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். நகானோ பக்கத்து ஷின்ஷு மிசோவுல உப்பு சுமார் 12 சதவீதம். கியோத்தோ வெள்ளை மிசோவுல அதுல பாதிதான், இனிப்பும் அதிகம். ஒரே அளவுன்னு நினைச்சு மாத்திப் போட்டா கறி மொத்தமா மாறிடும். அதோட, சமையல் சாகேன்னு மலிவா விக்கறதுல குடிக்க முடியாதபடி உப்பு சேர்த்திருப்பாங்க. குடிக்கற சாகே போட்டா அந்த உப்பு கிடையாது. எதைப் போட்டாலும் ஷோயுவைக் கடைசியா, நாக்குல வெச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க.

தாஷி (மீன், கடற்பாசிச் சாறு) கலந்த மிசோவையும் இதுக்கு வாங்காதீங்க. அது சூப்புக்குன்னே செஞ்சது, வதக்கலுக்கு அதோட மீன் வாசனை தனியா நிக்கும்.

மிளகாய்ப்பிரியன்

எல்லாம் சரி, உறைப்புக்கு மட்டும் யாரும் இடம் தர மாட்டேங்கறீங்களே. சோம்பை விட்டுடறேன். ஆனா ஜப்பான்லயே மாபோ நாசுன்னு உறைப்பா ஒண்ணு எல்லாக் கடையிலயும் இருக்கே, அது ஜப்பான் சாப்பாடு இல்லையா?

செண்டாய்_ஆய்வாளன்

இருக்கிறது, நியாயமான கேள்வி. அது வந்த வழி வேறு. சீனாவின் சிச்சுவானிலிருந்து 1952-ல் ஜப்பானுக்கு வந்த சமையல்காரர் சென் கென்மின், 1958-ல் தோக்கியோவில் தன் கடையைத் திறந்தார். மாபோ தோஃபு என்ற உறைப்பான சீனத் தோஃபு கறி இங்கே வீடுவீடாகப் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எரிச்சலையும் உறைப்பையும் குறைத்து ஜப்பானிய நாக்குக்கு ஏற்றபடி மாற்றியவர் அவர். தோஃபு இருந்த இடத்தில் கத்தரியை வைத்ததுதான் மாபோ நாசு. அதில் கொத்துக்கறி, தோபான்ஜான், பூண்டு, இஞ்சி எல்லாம் வரும், கடைசியில் மாவுக்கரைசலில் கெட்டிப்படும். நாம் பேசுவது மிசோ வதக்கல். இரண்டும் நல்லவை, ஒன்றைச் செய்வதாகச் சொல்லி இன்னொன்றைச் செய்யவேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

மிசோ வதக்கலுக்கு உறைப்பு வேண்டுமென்றால் இலையில் பரிமாறியபின் ஷிச்சிமி (ஏழு பொருள் கலந்த மிளகாய்த்தூள்) தூவிக்கொள்ளுங்கள். நகானோ ஜென்கோஜி கோயில் வாசலில் விற்பது வாசனையாக இருக்கும், இஞ்சியும் ஷிசோ என்ற வாசனை இலையும் அதில் சேரும்.

கத்தரி–மிசோ கூட்டணிதான் இதில் பழையது, கறி பின்னால் வந்தது. மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணக்கூடாது என்று தென்மு பேரரசர் 675-ல் ஆணையிட்டார். அதன் பிறகு நூற்றாண்டுகளாகக் கறி உண்பது இங்கே வெளிப்படையான வழக்கமாக இல்லை. மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டதாக அறிவிப்பு வந்தது 1872-ல். கத்தரியை எண்ணெயில் வதக்கி மிசோவில் புரட்டும் நாபெஷிகி இன்றும் பெரும்பாலும் கறியில்லாமல்தான் செய்யப்படுகிறது. இந்த இழையில் சைவக்காரர்கள் இருந்தால் தயங்காமல் கறியை விட்டுவிடுங்கள். தடித்த பொரித்த தோஃபு சேர்த்தால் வயிறும் நிறையும்.

அடையாறு_அம்மு

யொகொஹாமாவுல இருந்துட்டு இப்ப சென்னைக்குத் திரும்பிட்டேன். இங்க செய்யறவங்களுக்காக எழுதறேன்.

கத்தரி தேர்வுதான் பாதி வேலை. நீளமான ஊதாக் கத்தரி, விரலால அழுத்தினா மெத்துனு உள்ள போய்த் திரும்ப எழும்பணும், காம்பு பச்சையா இருக்கணும். உருண்டைக் கத்தரியில விதை சீக்கிரம் முத்திடும், மிசோவோட சேர்ந்தா நறநறன்னு தெரியும். வேலூர் முள்ளுக் கத்தரி எனக்கு உயிர், ஆனா அது புளிக்கும் எள்ளுக்கும் பிறந்த காய். இதுல போட்டுச் செலவழிக்க மனசு வராது.

கறிக்கு நான் ஆட்டுக் கொத்துக்கறி போடறேன். நேரா மிசோவுல போட்டா வேகாது. தனியா, கொஞ்சம் இஞ்சி சேர்த்து, தண்ணி தெளிச்சு மூடி வேகவெச்சு, தண்ணி சுண்டி எண்ணெய் பிரிஞ்சு உதிரி உதிரியா வந்ததும்தான் கத்தரி போகும். கோழின்னா கறிக்கடைக்காரர்கிட்ட தொடையைத் தோல் உரிக்காமக் குடுங்கன்னு முன்னாடியே சொல்லணும், இல்லாட்டி உரிச்சு நறுக்கி நீட்டிடுவாங்க.

நல்லெண்ணெய் பத்தி யாருமே சொல்லல. ஜப்பான்ல எள்ளை வறுத்து ஆட்டின எண்ணெயை இறக்கும்போது அரைத் தேக்கரண்டி விடுவாங்க. நம்ம செக்கு நல்லெண்ணெய்க்கு எள்ளை வறுக்கறது இல்லை, அதனால அந்த வாசனை வராது. ஆனா கத்தரியைப் பிசிறுறதுக்கு நல்லெண்ணெய் அருமையாப் பொருந்துது. இறக்கும்போது வறுத்த எள்ளை உள்ளங்கையில நுணுக்கித் தூவிடுவேன், வாசனை சரியாயிடும். மிசோ இங்க விலைதான், ஆனா ஃபிரிட்ஜ்ல வெச்சா மாசக்கணக்குல கெடாது. மேல ஒரு பட்டர் காகிதம் ஒட்டி வெச்சா நிறமும் கறுக்காது.

மல்லிகா_ஒசாகா

அம்மு, எள்ளு நுணுக்கறது ரொம்ப நல்ல யோசனைம்மா.

காய் தேர்வுக்கு இங்க இருக்கறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. எங்க பக்கம் சென்ஷுவுல விளையற மிசு நாசுன்னு ஒண்ணு, கையால பிழிஞ்சா தண்ணி சொட்டும். பச்சையாவோ, ஒரு ராத்திரி உப்புல ஊறினதாவோ சாப்பிடற காய். அதை வதக்கி வீணாக்காதீங்க. கியோத்தோவோட உருண்டைக் காமோ நாசை ரெண்டாப் பிளந்து மிசோ பூசிச் சுடுவாங்க, அது தெங்காக்கு. நம்ம வேலைக்கு எல்லாக் கடையிலயும் கிடைக்கற நீளவாட்டு முட்டை வடிவ நாசு போதும். குளிர்காலத்துல பார்த்தீங்கன்னா நிறைய காய் ஜப்பானோட கோச்சி மாகாணத்துல இருந்து வந்ததா எழுதியிருக்கும், பசுமைக்குடில்ல வளர்த்தது. ருசி இருக்கும், ஆனா செப்டம்பர் காய் வேற.

செப்டம்பர் கத்தரிக்குத் தோல் மெல்லிசு, சதை இறுக்கம். அதை மருமகளுக்குக் கொடுக்காதேன்னு இங்க ஒரு பழமொழியே இருக்கு. மாமியாரோட கஞ்சத்தனம்னு சிலர் சொல்வாங்க, உடம்புக்குக் குளிர்ச்சி ஆகிடும்னு அக்கறைதான்னு சிலர் சொல்வாங்க. என் பக்கத்து வீட்டு அம்மா ரெண்டையும் ஒதுக்கிட்டு அவங்க மருமகளுக்குத்தான் முதல் தட்டு வைப்பாங்க.

பால்கனியில தொட்டியில கத்தரி வெச்சிருக்கறவங்க, ஜூலைக் கடைசியில கிளைகளைப் பாதிக்கு வெட்டிவிட்டு உரம் போடுங்க. செடி புதுசாத் துளிர்த்து செப்டம்பர்ல அந்தக் காய் குடுக்கும்.

நிஷிகசாய்_வாசி

ஃபாத்திமா அக்கா முறையில கோழித்தொடை, கதாகுரிகோ, இஞ்சிச் சாறு. மல்லிகா அக்கா சொன்ன மாதிரி கையால பிசிறி, தோல் கீழ வெச்சு மூடினேன். திறந்ததும் நிறத்தைப் பார்த்து வீட்டுல கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டாங்க. எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஒரு சிக்கல் மட்டும். கேஸ் அடுப்புல சட்டி காய்ஞ்சு வரும்போது தீ தானாவே குறைஞ்சுடுது. நான் கூட்டறேன், அது மறுபடி குறைக்குது. கோழி தோல் முறுகாம வெந்துடுச்சு. அடுப்புல கோளாறா?

கட்டைக்கரண்டி

கோளாறு இல்லை தம்பி. 2008-ல இருந்து இங்க வீட்டு கேஸ் அடுப்பு எல்லா பர்னருக்கும் நடுவுல சூடு அளக்கற குமிழ் கட்டாயம். சட்டி அடி 250 டிகிரி கிட்டப் போனா தீயைக் குறைச்சுடும், எண்ணெய் தீப்பிடிக்காம இருக்க. வெறும் சட்டியை ரொம்ப நேரம் காய வெச்சா இப்படித்தான் ஆகும். நிறைய அடுப்புல அதிகச் சூட்டு வதக்கலுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கும், மூணு விநாடி அழுத்திப் பிடிச்சா குமிழ் இன்னும் அதிகச் சூடு வரைக்கும் விட்டுக்கொடுக்கும். பொரிக்கும்போது மட்டும் அதைத் தொடாதீங்க, ஆபத்து.

கோழிக்கு அந்தப் பொத்தானே வேண்டாம். சட்டி காயறதுக்கு முன்னாடியே தோல் பக்கம் கீழ வெச்சு, நடுத்தரத் தீயில அசைக்காம விடுங்க. கொழுப்பு தானா இறங்கித் தோல் முறுகும், தீயும் குறையாது.

அடையாறு_அம்மு

அளவும் பார்த்துக்கோங்க. சாதாரண 26 செ.மீ. சட்டியில மூணு கத்தரிக்கு மேல ஒரே தடவையில அடுக்காதீங்க. நெருக்கிப் போட்டா நீராவியில வெந்து திரும்பப் பழுப்பு.

நிஷிகசாய்_வாசி

புரிஞ்சுது அண்ணா, அம்மு அக்கா. மீதியை நாளைக்கு பெந்தோவுல (மதியச் சாப்பாட்டு டப்பா) கட்டிக்கலாமா?

மல்லிகா_ஒசாகா

கட்டலாம் தம்பி. மிசோ ஊறி ருசி கூடும், நிறம் கொஞ்சம் இறங்கும். ராத்திரியே ஃபிரிட்ஜ்ல வெச்சு, காலையில சட்டியில சாறு சுண்டற வரைக்கும் சூடு பண்ணி, நல்லா ஆறவிட்டு மூடுங்க. வெயில் நாள்ல சூட்டோட மூடி எடுத்துட்டுப் போகக்கூடாது. சோத்து மேல நேரா வைக்காம ஒரு ஷிசோ இலையை நடுவுல வையுங்க, சாறு சோத்துல இறங்காது.